மூன்றாம் வரிசைப் பல்லி

உங்கள் வீட்டுச் சுவரில் பல்லி இருக்கிறதா, அக்கா? சிரிக்காதீர்கள், காரியமாகத்தான் கேட்கிறேன். முதல் வரிசையில் ஒரு வீட்டிலும் இல்லையா? நல்லது. இல்லாமலே இருக்கட்டும்.

இந்தச் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட், குலுங்கும் என்று யாரும் வர மாட்டார்கள். எனக்கு இந்தச் சத்தம்தான் வேண்டும். உங்கள் கம்மல், கொண்டை ஊசி, சட்டைப் பொத்தான் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் வந்தேன். தப்பாக நினைக்காதீர்கள். இப்போது எதைப் பார்த்தாலும் எனக்கு அப்படி ஆகிவிட்டது.

இவள் பூமாரி. ரெண்டு வயசு முடிந்துவிட்டது. நிலாவில் பிறந்த பிள்ளை, நிலா என்றே பேர் வை என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் வரிசையில் மட்டும் அந்தப் பேரில் பதினொரு பிள்ளைகள். ஒருத்தி கூப்பிட்டால் பதினொன்றும் ஓடிவரும். அதனால் பூமாரி. உங்கள் சேலையை இழுக்கிறாளா? கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இவள் இப்படி முழித்திருந்து சேட்டை பண்ணிப் பார்த்து எனக்கே மாசக்கணக்கு ஆகிறது.

கப்பல் தளத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அதற்குள் யாரிடமாவது ஒரு தடவை முழுதாகச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும். அங்கே போய்ச் சொல்லும்போது வாய் குழறக்கூடாது, அதற்குத்தான். என்னை வாய் நீளம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படியெல்லாம் கிடையாது. மூன்றாம் வரிசையில் நாற்பது வீட்டுச் சங்கதியும் எனக்குத் தெரியும். ஒன்றாவது வெளியே வந்திருக்குமா? எதிர்வீட்டு வேலம்மாளின் புருஷன் தலைக்குச் சாயம் பூசுகிறார், சாயம் அரிசிப் பெட்டிக்குள் ஒளிந்து வருகிறது. அதைக்கூட நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

பல்லிக்கு வருகிறேன்.

பொங்கல் கழிந்த மறுவாரம், என் அடுப்படிச் சுவரில், விளக்குக்குப் பக்கத்தில் ஒரு பல்லி. மண்ணும் கல்லும் பனியும் தவிர ஒன்றுமில்லாத இடத்தில், சுரங்கத்துக்குள், ஒரு பல்லி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பல்லியைப் பார்த்து அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவரைக்கும் அது கம்பெனி கொடுத்த பெட்டி. அன்றைக்குத்தான் வீடு ஆனது. அரிசி மூட்டையோடு வந்திருக்கும் என்றாள் வேலம்மாள். ஆமாம் என்றோம். கப்பலில் ஏற்றுகிற மூட்டையை வறுக்காத குறையாகச் சூடு காட்டித்தான் அனுப்புவார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருத்தியும் அதை யோசிக்கவில்லை. வீடென்றால் பல்லி இருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் அது சொல்ல ஆரம்பித்தது. பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் 'த்ச் த்ச் த்ச்'. நாம் என்ன செய்வோம்? பல்லியே சொல்லிருச்சு என்று விரலால் தரையில் மூன்று தட்டுத் தட்டுவோம். சொன்ன பேச்சு உண்மை, நினைத்த காரியம் நடக்கும். எந்தத் திசையிலிருந்து சொல்கிறது என்று பார்க்க வேண்டும் என்றாள் ஒருத்தி. சுரங்கத்துக்குள் கிழக்கு எது? ரெண்டு நாள் சண்டை. கடைசியில், கப்பல் வருகிற பக்கம்தான் ஊர் இருக்கிறது, அதனால் அதுவே கிழக்கு என்று முடிவு செய்தோம்.

சாயங்காலமானால் என் வீட்டில் ஏழெட்டுப் பெண்கள். மகனுக்கு வேலை கிடைக்குமா, புருஷனை ஆழச் சுரங்கத்துக்கு மாற்றுவார்களா, எல்லாம் பல்லியிடம் கேட்பார்கள். நான் காப்பி போட்டுக் கொடுப்பேன். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க? நல அதிகாரி குணாளன் சார் வெள்ளிக்கிழமை வருவார், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொண்டுவருவார். கோவில்பட்டிப் பக்கத்து ஆள், நம் பேச்சு. ஒருநாள் அவர் இருக்கும்போதே பல்லி சொன்னது. அவரும் குனிந்து தரையில் மூன்று தட்டுத் தட்டினார். நம் ஆள்தான் என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஒருத்தர் மட்டும் சிரிப்பார். பக்கத்து வீட்டு ஜெசிந்தா மதினி. "இசக்கி, நீ பல்லிக்குக் கோயில் கட்டு, நான் பிரசாதத்துக்கு மட்டும் வாறேன்" என்பார். பூமாரி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி வரவில்லை. மதினிதான் என்னைக் கைத்தாங்கலாக ரெண்டாம் வரிசை வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனார். அப்படிப்பட்டவர். அவர் வீட்டுக்காரர் அருளப்பன் அண்ணன் காற்றுக் குழாய் பார்க்கிற வேலை.

அந்த அண்ணன்தான் முதலில் கண்டுபிடித்தார். பூமாரி விளையாடிக்கொண்டே இருப்பாள், அப்படியே சாய்ந்து தூங்கிவிடுவாள். காலையில், மதியத்தில், சோற்றை வாயில் வைத்துக்கொண்டே. சமத்துப் பிள்ளை, தொந்தரவே இல்லை என்று நான் ஊருக்குப் பேசும்போதெல்லாம் அம்மாவிடம் சொல்வேன். அண்ணன் ஒருநாள் அவள் நகத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது சமத்து இல்லை தாயி என்றார். மூன்றாம் வரிசைக்கு வருகிற காற்றில் பாதிக்குப் பாதி உயிர் இல்லை, சுவரில் காற்றை அளந்து காட்டுகிற முள் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறது, அது ஒட்டிவைத்த முள் என்றார். அடுத்த கப்பலில் பூமியிலிருந்து தொழிலாளர் இன்ஸ்பெக்டர் அம்மா வருகிறார். கப்பல் தளத்தை விட்டு உள்ளே வர கம்பெனி விடாது, ரெண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவார். அவர் கையில் சாட்சி கொடுக்க வேண்டும்.

என்ன சாட்சி தெரியுமா? ஊறுகாய் பாட்டில். காலி ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, தண்ணீர் நிரப்பி, வீட்டில் வைத்துக் கவிழ்த்தால் தண்ணீர் போய்க் காற்று உள்ளே ஏறும். உடனே மூடி, சுரங்க உடுப்பில் ஓட்டை விழுந்தால் ஒட்டுகிற பசை நாடாவைச் சுற்றிவிடுவார். வாரத்துக்கு ஒன்று, ஏழு பாட்டில். பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாததில்தான் எங்கள் பிள்ளைகள் உயிர். இது தெரிந்தது நாலே பேருக்கு. அவர்கள் ரெண்டு பேர், நாங்கள் ரெண்டு பேர்.

நான் யாரிடமும் சொல்லவில்லை, அக்கா. பூமாரி தலையில் அடித்துச் சொல்கிறேன். என் வாயிலிருந்து ஒரு மனுஷர் காதுக்குப் போகவில்லை.

ஒரு சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. நான் தனியாகப் பல்லி முன்னால் நின்று கேட்டேன். அருளப்பன் அண்ணன் பாட்டிலையெல்லாம் மாதா சுரூபத்துக்குக் கீழே பெட்டியில் வைத்திருக்கிறார், அங்கே பத்திரமாக இருக்குமா என்று. 'த்ச் த்ச் த்ச்'. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. தரையில் தட்டிவிட்டு, நிம்மதியாகப் போய்ப் படுத்துத் தூங்கினேன்.

கேட்டதுதானே? கேட்பது சொல்வதாகுமா?

மறுநாள் காலையில் நாலு பேர் வந்தார்கள். மதினி வீட்டில் வேறு எந்த இடத்தையும் தொடவில்லை. நேராகப் போய் மாதாவைத் தூக்கிக் கீழே வைத்தார்கள், பெட்டியைத் திறந்தார்கள், ஏழு பாட்டிலையும் எடுத்தார்கள். ஒருத்தன் அங்கேயே நாடாவைக் கிழித்து மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். நாரத்தங்காய் என்றான். அத்தோடு அந்தச் சாட்சி போயிற்று. கம்பெனிச் சாமானைத் திருடினார், பொய்ப் புகார் தயார் பண்ணினார் என்று அண்ணன் பேரில் எழுதினார்கள். அடுத்த கப்பலில் ஊருக்குத் திரும்ப வேண்டும், இனிமேல் எந்த நிலா வேலையும் கிடையாது.

மதினி அழவில்லை. அவருக்கு ஒரு தம்பி இருக்கிறான், சேவியர். கம்பெனி ஆபீசில் எழுத்தர் வேலை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து மாதா முன்னால் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிவிட்டுப் போயிருக்கிறான். வேறு யார் அந்த இடத்துப் பக்கம் போனது என்றார் மதினி. அன்றைக்கே தம்பி முகத்தில் கதவைச் சாத்திவிட்டார். அவன் வெளியே நின்று, அக்கா நான் இல்லை, நான் இல்லை என்று சொன்னது வரிசை முழுக்கக் கேட்டது. நானும் கேட்டேன். பாவம் என்று நினைத்தேன். அப்போது எனக்கும் அவன் மேல்தான் சந்தேகம். சத்தியமாக.

நாலு நாள் கழித்து அலமாரி துடைத்துக்கொண்டிருந்தேன். இங்கே தூசி கிடையாது, சும்மா கைப்பழக்கம். துடைக்கும்போது சிரிப்பு வந்தது. ஊரில் அலமாரி துடைத்தால் முதலில் என்ன வரும்? பல்லி எச்சம். கறுப்பாக, நுனியில் வெள்ளையாக. அம்மா அதைப் பார்த்தாலே வைவாள். இங்கே மூன்று மாசமாக ஒரு பல்லி குடியிருக்கிறது. ஒரு எச்சம்கூட இல்லை.

துணியைக் கீழே போட்டுவிட்டேன்.

எச்சம் இல்லையென்றால் சாப்பிடவில்லை. என்னத்தைச் சாப்பிடும்? இங்கே ஈ கிடையாது, கொசு கிடையாது, கரப்பான் கிடையாது. இதை முதல் நாளே யோசிக்க வேண்டாமா? பத்தாவது வரை படித்தவள் நான். அறிவியலில் எழுபத்திரண்டு மார்க்கு.

பூமாரி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பல்லிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். சாம்பார் என்றேன். சும்மா இருந்தது. முருங்கைக்காய் என்றேன். என் மாமியார் பேரைச் சொன்னேன். அதற்கும் சும்மா இருந்தது. காற்று என்றேன். 'த்ச் த்ச் த்ச்'. பாட்டில் என்றேன். சொன்னது. இன்ஸ்பெக்டர் என்றேன். சொன்னது. அருளப்பன் என்று மெதுவாக, உதட்டுக்குள்ளேதான் சொன்னேன்.

'த்ச் த்ச் த்ச்'.

என் விரல் தன்னால் போய்த் தரையைத் தட்டியது, அக்கா. தட்டிவிட்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அது பல்லி இல்லை, கம்பெனி சுவரில் ஒட்டிவைத்த காது. குணாளன் சாரின் அம்மாவும் பல்லி சொன்னால் தட்டியிருப்பாள். அதனால் அவருக்குத் தெரியும். எந்தப் பேச்சு அவருக்கு வேண்டுமோ, அந்தப் பேச்சு வரும்போது பல்லி ஆமாம் சொன்னால் போதும், நாங்கள் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசுவோம். வெளியூர்க்காரன் செய்திருந்தால் வெறும் பல்லிதான் செய்திருப்பான். சொல்கிற பல்லி செய்ய நம் ஆள்தான் வேண்டும்.

தோசைத் திருப்பியால் ஒரே அடியில் நசுக்கியிருப்பேன். நசுக்கினால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒன்றும் செய்யவில்லை. சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் சுரங்க வாசல் வரைக்கும் கூட்டிப்போய், பெரிய காற்றாடி இரைகிற இடத்தில் வைத்துச் சொன்னேன். அவர் அதிகம் பேசாதவர். நான் சொல்லி முடித்த பிறகு, நீ அதுகிட்ட எதுவும் சொன்னியா என்று மட்டும் கேட்டார். நான் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை.

மறுநாள் பல்லிக்கு முன்னால் வைத்து அவரிடம் சத்தமாகச் சொன்னேன், அண்ணன் இன்னும் அஞ்சு பாட்டிலை ரெண்டாம் வரிசைக் கழிவுத் தொட்டிக்குள் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாராம் என்று. விடிந்ததும் முகமூடி போட்ட நாலு பேர் தொட்டிக்குள் இறங்கினார்கள். மூன்று நாள் தேடினார்கள். ஏணிக்கு மேலே குணாளன் சார் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றதைப் பார்க்க வேண்டுமே. நான் பூமாரியைத் தூக்கிக்கொண்டு போய், என்ன சார் தேடுறீங்க என்று கேட்டுவிட்டு வந்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த மூன்று நாளில்தான் என் வேலையை முடித்தேன். ஏழு பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் காற்றையுமா எடுத்துக்கொண்டு போக முடியும்? அது அங்கேயேதானே இருக்கிறது. வரிசையில் வீடு வீடாக ஊறுகாய் கடன் கேட்டு, பாட்டில் சேர்த்து, பால்வாடியில் ஒன்று, பூமாரி தொட்டிலுக்குள் ஒன்று, வேலம்மாள் வீட்டில் ஒன்று, மொத்தம் ஆறு. நாடா என் வீட்டுக்காரருடையது. எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். பிள்ளையின் அழுக்குத் துணியை எந்தக் காவல்காரனும் கிளற மாட்டான், அவ்வளவுதான் சொல்வேன்.

இதுவரைக்கும் சந்தோஷமாகச் சொல்லிவிட்டேன். இனிமேல்தான் எனக்கு வாய் குழறுகிறது.

நேற்று மதியம் மதினி வந்தார். பெட்டி கட்டி முடித்தாயிற்று, கடைசியாகப் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போய்ப் பல்லி முன்னால் நின்றார். அவர் ஒருநாளும் அதன் முன்னால் நின்றதில்லை.

"இசக்கி, நான் இதையெல்லாம் நம்புறவ இல்லை. உனக்கே தெரியும்" என்றார். "ஆனா மனசு கேக்கல. அவனைத் தூக்கி வளத்தவ நான். இல்லைன்னு இது ஒரு தடவை சும்மா இருந்தாப் போதும், போற வழியில அவனைக் கட்டிப்பிடிச்சிட்டுப் போயிருவேன்."

எனக்குப் புரிவதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"பாட்டில் இருந்த இடத்தை எங்க சேவியர்தான் காட்டிக்கொடுத்தானா?"

பாட்டில் என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டாரே, அக்கா. அது சும்மா இருக்குமா? 'த்ச் த்ச் த்ச்'.

மதினி குனிந்தார். சிரித்தவர், கிண்டல் பண்ணினவர், அவர் குனிந்து என் வீட்டுத் தரையில் மூன்று தட்டுத் தட்டினார். அப்புறம் சேலை நுனியை வாயில் திணித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் என்ன சொல்ல முடியும்? அது கேட்டுக்கொண்டிருக்கிறது. அவன் இல்லை மதினி, அந்த வார்த்தைக்கு அது அப்படித்தான் சொல்லும் என்று நான் வாயைத் திறந்தால், அந்த நிமிஷமே குணாளன் சாருக்குத் தெரியும். துணி மூட்டை போகும், ஆறு பாட்டிலும் போகும். அதனால்தான் சும்மா நின்றேன்.

வாசலுக்கு வெளியே ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். பூமாரி முழித்துக்கொள்வாளோ என்று போகவில்லை. இல்லை, அவள் முழிக்கிற பிள்ளையா? முழித்தால்தான் எங்களுக்குத் திருவிழா ஆயிற்றே. அதுக்காக இல்லை. அவன் இல்லை என்று சொன்னால், அப்போ யார் என்று மதினி கேட்பார்.

பார்த்தீர்களா, ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும் என்று சொன்னேனே. இந்த இடம்தான் வரவில்லை.

முதலில் இன்ஸ்பெக்டர் அம்மா கையில் பாட்டிலைக் கொடு, மதினிக்குப் பிறகு கடிதம் எழுதிக்கொள்ளலாம் என்கிறார் வீட்டுக்காரர். கடிதம் கம்பெனி வழியாகத்தானே போகும். நான் வாயால் செய்ததை வாயால்தான் சொல்ல வேண்டும். அவர் இப்போது வீட்டில் பல்லி முன்னால் உட்கார்ந்து, நான் எழுதிக்கொடுத்ததைப் பேசிக்கொண்டிருக்கிறார். இசக்கி பக்கத்து வீட்டு இட்லிச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கத்தான் கப்பல் தளத்துக்குப் போயிருக்கா, பாட்டில் இன்னும் தொட்டியிலதான் கிடக்கு என்று. பாடப் புத்தகம் வாசிக்கிற மாதிரி வாசிப்பார். எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாது.

பஸ் மெதுவாகிறதே. வந்துவிட்டதா?

அதோ, கண்ணாடி வழியாகப் பாருங்கள். இரும்பு பெஞ்சில் ரெண்டு பேர். சாம்பல் கலர் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் அருளப்பன் அண்ணன். முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மதினி. தூணுக்கு அந்தப் பக்கம் பொட்டலத்தோடு ஒருத்தன் நிற்கிறான், தெரிகிறதா? சேவியர். அக்காவுக்கு வழியில் சாப்பிட ஏதோ கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். பக்கத்தில் போகப் பயந்து அங்கேயே நிற்கிறான்.

இன்ஸ்பெக்டர் அம்மா இறங்க இன்னும் கால் மணி நேரம் ஆகும் போலிருக்கிறது. கதவு திறக்கவில்லை. பாட்டிலை அண்ணன் கையில் கொடுத்துவிடுவேன், அவர் வேலை, அவர் கையாலேயே கொடுக்கட்டும். அப்புறம் மதினி முன்னால் போய் நிற்பேன். அவர் கை ஓங்கினால் ஓங்கட்டும்.

அக்கா, பிள்ளையை ஒரு பத்து நிமிஷம் வைத்துக்கொள்கிறீர்களா? பையைத் தர மாட்டேன், தப்பாக நினைக்காதீர்கள். பிள்ளையை மட்டும். நல்ல காற்றில் முழித்திருக்கிறாள், எல்லாவற்றையும் பார்ப்பாள். அவள் முகத்தை அந்தக் கப்பல் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.